விதையிலிருந்து செர்ரி மரம் வளர்த்தல்

தித்திப்பு செர்ரி காச்மீரத்திலும் ஹிமாசலப் பிரதேசத்துச் சிம்லா மலைகளிலும் வைகாசி, ஆனி மாதங்களில் பழுக்கும் கனியாகும். நம் ரொட்டிக் கடைகளில் செர்ரி என்று விற்கப்படும் சிவந்த உருண்டை பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காயே. அதற்கும் இதற்கும் யாதொரு உறவுமில்லை. இம்மரம் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் இயல்புடையது. ஜாதிக்கேற்ப 700 முதல் 1,200 மணி நேரம் வரை 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்த குளிர் கிட்டாவிடில் ஒழுங்காகப் பூக்காது. ஆகையால் சமவெளியில் நிலமுடையோர் இதில் பொருள் செலவிடாதிருப்பதே நலம். பின்வருவன குளிர்மலைத் தோட்டக்காரர் கையாளும் முறைகள்.

விதைக்கென எடுக்கும் பழம் மரத்திலேயே நன்கு கனிந்திருத்தல் வேண்டும். பருவத் தொடக்கத்தில் பழுக்கும் ஜாதிகளின் கொட்டையில் பருப்பு பெரும்பாலும் முற்றுவதில்லையாதலால், பின்பருவ ஜாதிகளையே தெரிந்தெடுக்க. சதையை அறவே நீக்கிக் கழுவி, நீரில் மிதக்கும் கொட்டைகளைத் தள்ளிவிட வேண்டும். கொட்டையை வெயிலில் உலர்த்தலாகாது.

புதிய கொட்டை உடனே முளைப்பதில்லை. ஈரமும் குளிரும் சேர்ந்தே அதன் உறக்கத்தைக் கலைக்கும். பனி விழும் ஊர்களில் இலையுதிர் காலத்திலேயே பாத்தியில் ஓரங்குல ஆழத்தில் ஊன்றிவிட்டால் மாரிக்காலம் அவ்வேலையைச் செய்துவிடும். எலி, அணில்கள் தோண்டாமலிருக்கக் கம்பிவலை பரப்புவது அவசியம். மற்றபடி, ஈர மணலோடு கலந்து குளிர்ப்பெட்டியில் 2 முதல் 5 டிகிரி வரையுள்ள குளிரில் மூன்று, நான்கு மாதம் வைத்திருந்து, வெண்முளை தோன்றியதும் எடுத்து நடலாம். மணல் கசிவாயிருந்தால் போதும். நீர் தேங்கினால் கொட்டை அழுகிப் பூஞ்சணம் பிடிக்கும். நட்டபின்னும் இம்மரத்தின் வேருக்கு நீர்த்தேக்கமே பெரும் பகை.

இனி முக்கியமான விஷயம் யாதெனில், தாய்மரத்தின் குணம் விதைக்கன்றில் அப்படியே அமைவதில்லை. அமெரிக்காவின் ஆரிகன் நாட்டில் 1875-ல் ஸெத் லூயெல்லிங் என்பார் தோட்டத்தில் விதைக்கன்றாகத் தோன்றி, அங்கு பணிபுரிந்த சீனத் தலைமையாளின் பெயர் பெற்ற பிங் என்னும் ஜாதி உலகெங்கும் பரவிற்று என்பது மெய்யே. ஆயினும் அத்தகைய பேறு மிகவும் அரிது. பெரும்பாலான கன்றுகள் சிறுத்த, சதை குறைந்த பழமே தரும். அதை அறியவே ஏழு முதல் பத்தாண்டு வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மரம் ஓங்கி நல்ல நிலத்தை அடைத்துக்கொள்ளும். குடும்பத்தார் அவ்வளவு காலம் நீரும் எருவும் இட்டபின் அதை வெட்ட எவருக்கு மனம் வரும்?

ஆகவே விதைக்கன்றை வேர்ச்செடியாகக் கொண்டு, இரண்டாம் ஆண்டுக் கோடையின் பிற்பகுதியில், பட்டை எளிதில் உரியும் சமயம் பார்த்து, நல்ல ஜாதியின் மொட்டை ஒட்டுக்கட்டுவதே விவேகம். பழம் இன்னதென்று முன்னரே தெரியும், காய்ப்பும் முந்தும்.

பெரும்பாலான ஜாதிகள் தம் மகரந்தத்தால் தாமே காய்ப்பதில்லை. ஒரே காலத்தில் பூக்கும் வேறு பொருத்தமான ஜாதி ஒன்றும், தேனீக்களும் அருகில் இருத்தல் வேண்டும். கானடா தேசத்தில் 1968-ல் வெளியிடப்பட்ட ஸ்டெல்லா என்பது தனித்தே காய்க்கவல்லது. ஒரு மரத்துக்கே இடமுள்ள கொல்லைக்கு அதன் மொட்டு ஏற்றது. கொட்டையினுள் இருக்கும் பருப்பு, மென்றால் நஞ்சாகும் பொருளுடையதாதலால், விதைக்கு ஒதுக்கியவற்றைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க.