எந்திரம் சொன்னால் போதுமா?



செயற்கை நுண்ணறிவு மனுக்குலத்துக்கு நன்மையா, தீமையா என்ற கேள்வி இப்போது வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்துவிட்டது. அது வியாதியையும் வறுமையையும் ஒழித்துவிடும் என்கிறார்கள் ஒரு சாரார். உலக முடிவே அதனால்தான் வரும் என்கிறார்கள் மறு சாரார். உலக முடிவின் நாளைக் கணிப்பது நம்முடைய வேலையல்ல. ஆண்டவர் அதை நம்மிடம் ஒப்படைக்கவுமில்லை. ஏற்கனவே குடும்பங்களுக்கு நேர்ந்ததைப் பார்த்து யோசிப்பதே புத்தி.

ஹாலந்து என்று நாம் சொல்லும் நெதர்லாந்து தேசத்தில், வேலைக்குப் போகும் தாய் தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளைக் காப்பகத்தில் விட அரசாங்கம் பண உதவி செய்கிறது. இதில் மோசடியைக் கண்டுபிடிக்க, அந்நாட்டு வரி இலாகா 2013-ம் ஆண்டு முதல் ஒரு கணினி ஏற்பாட்டைக் கைக்கொண்டது. பழைய விண்ணப்பங்களைக் கொண்டு தானே கற்றுக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது அது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் சந்தேக மதிப்பெண் போடும். விண்ணப்பித்தவர் டச்சுக் குடியுரிமை உள்ளவரா, இல்லாதவரா என்பதும் அது பார்த்த குறிப்புகளில் ஒன்று. மதிப்பெண் மிகுந்தவர்களின் தாள்கள் ஓர் உத்தியோகஸ்தரின் மேசைக்குப் போகும். ஆனால் எந்திரம் இந்தக் குடும்பத்தை ஏன் சந்தேகித்தது என்பது அந்த உத்தியோகஸ்தருக்கே சொல்லப்படவில்லை. காரணம் தெரியாத சந்தேகத்தை வைத்துக்கொண்டு அவர் விசாரணை செய்யவேண்டும்!

ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தாலும், சிறு தொகை கட்டாமல் நின்றிருந்தாலும், வாங்கிய உதவி முழுவதையும் திருப்பிக் கட்டு என்று உத்தரவு வந்தது. பலருக்கு அது பல பதினாயிரம் யூரோ. இப்படி 25,000-க்கும் மேற்பட்ட பெற்றோர் அநியாயமாய் வருத்தப்பட்டார்கள். வீட்டை இழந்தவர்கள் உண்டு, கணவன் மனைவி பிரிந்தவர்கள் உண்டு. இக்குடும்பங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எடுக்கப்பட்டு, வேறிடத்தில் பராமரிப்புக்கு விடப்பட்டார்கள். 2020-ம் ஆண்டு டிசம்பரில் பாராளுமன்ற விசாரணைக் குழு இதை வெளிப்படுத்திற்று. 2021 ஜனவரி 15-ந் தேதி மார்க் ருட்டேயின் மந்திரிசபை முழுவதும் இராஜினாமாச் செய்தது. குறைந்தது 30,000 யூரோ ஈடாகத் தருவதாகவும் வாக்களித்தார்கள். பிள்ளையைப் பிரிந்திருந்த வருஷங்களுக்கு எது ஈடு?

நியாயமாய்ப் பேசவேண்டும். பழி முழுவதும் எந்திரத்தின் மேல் அல்ல. சட்டமே கொடியதாயிருந்தது, நீதிமன்றங்களும் வெகுகாலம் இலாகாவின் பக்கமே பேசின. அதற்கு மேலும் ஒன்று சொல்லவேண்டும்: எந்திரத்தின் மேல் பழி சுமத்தவே முடியாது. சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டுமென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். எந்திரத்துக்கு அறிவுமில்லை, சம்மதமுமில்லை. கணக்கு மாத்திரம் உண்டு. ஆகவே எந்திரத்தின் வழியாய் அநியாயம் நடக்கும்போது, அந்தப் பாரம் எங்கேயோ ஒரு மனிதனுடைய ஆத்துமத்தின் மேல்தான் இருக்கிறது. "எந்திரம் சொன்னது, நான் செய்தேன்" என்பது ஆதாம் ஏவாளைக் காட்டிச் சொன்ன சாக்குக்கு ஒப்பானது. சர்வேசுரன் அந்தச் சாக்கை ஏற்றுக்கொள்ளவில்லை.

இதே வித்தை நன்மை செய்வதையும் காண்கிறோம். உலகத்தில் காசநோயாளிகள் மிகுந்த தேசம் நம்முடையது. நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் படிக்கத் தேர்ந்த வைத்தியர் எல்லா ஊரிலும் கிடையாது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் காசநோயைக் கண்டறிய, அந்தப் படத்தைக் கணினியே பார்த்துச் சொல்லலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சிபாரிசு செய்தது. ஆனால் கணினி சந்தேகப்பட்டதோடு காரியம் முடிவதில்லை. சளியைப் பரிசோதித்து, கிருமி உண்டா என்று பார்த்த பிறகே நோயென்று உறுதிப்படுத்துகிறார்கள். எந்திரம் சுட்டிக்காட்டுகிறது, தீர்ப்புச் சொல்வதும் அதற்கு உத்தரவாதியாயிருப்பதும் மனிதர். ஹாலந்தில் இல்லாமற்போனது இதுதான்.

திருச்சபை இதைப்பற்றி மௌனமாயில்லை. மனிதனுடைய உயிரைப் போக்கும் தீர்மானம் ஒருபோதும் எந்திரத்தின் கையில் இருக்கலாகாது என்று, காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பரசர் 2024 ஜூன் 14-ல் ஜி-7 தேசத் தலைவர்கள் முன்பாகச் சொன்னார். தொழிற்சாலை எந்திரங்களின் காலத்தில் 13-ம் சிங்கராயர் 1891-ல் தொழிலாளருக்காக எழுதிய நிருபத்தை நினைத்தே தாம் அப்பெயரைத் தெரிந்துகொண்டதாக, இப்போதைய பாப்பரசர் 14-ம் சிங்கராயர் (லியோ) 2025 மே மாதம் கர்தினால்மாருக்கு அறிவித்தார்.

நம் வீடுகளுக்கு வருவோம். கடன் மனுவோ, வேலை மனுவோ, உதவித்தொகையோ தள்ளப்பட்டு, "கம்ப்யூட்டரில் அப்படித்தான் வருகிறது" என்று பதில் வந்தால், அதோடு திரும்பிவிடாதேயுங்கள். தீர்மானித்தவர் யார், காரணம் என்ன என்று மரியாதையாகவும் எழுத்து மூலமாகவும் கேளுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் வாலிபர் சங்கத்தார் எழுதிக்கொடுக்கட்டும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. காரணம் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதேயுங்கள். அதனால் ஒரு குடும்பம் நஷ்டப்பட்டால், பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தைச் சொல்வதோடு நஷ்டத்தைப் பரிகரிக்கும் கடமையும் உங்களைச் சேரும்.

பிள்ளைகள் வீட்டுப் பாடத்தைக் கணினியிடம் கேட்டு எழுதுவதைப் பற்றித் தாய்மார் சிலர் விசாரித்திருக்கிறார்கள். அது வேறு காரியம். வருகிற ஞாயிறு இதழில் எழுதுவோம்.