மண்ணரிப்புக்கு ஒரு கணக்கும் படமும்

நெசவாளர் நூலை எடை பார்த்தே வாங்குகிறார். பயிரிடுவோராகிய நாமோ, ஆண்டுதோறும் வயலை விட்டுப் போகும் மண்ணை எடைபோட்டுப் பார்ப்பதில்லை. அதற்கும் ஒரு கணக்கு உண்டு. சங்க அங்கத்தினர் அதனை அறிதல் நலம்.

குளிர்ப் பிரதேசங்களில் மண்ணைப் பெயர்ப்பது மழை மட்டுமன்று. மண்ணிலுள்ள நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பருமன் பெருகி, மண்கட்டிகளைப் பிளக்கிறது. வெயில் ஏறியதும் மேல்மண் இளகும். அடிமண் உறைந்தே கிடப்பதால் நீர் கீழிறங்காது. சேறான மேல்மண் சரிவில் வழியும். ஆகவே திபெத்தியப் பீடபூமி போன்ற இடங்களுக்கு அரிப்புப் படம் வரைவோர், வெப்பநிலையின் ஏற்றத் தாழ்வையும் மழை, சரிவு, தாவரப் போர்வை ஆகியவற்றுடன் சேர்த்தே மதிப்பிடுகின்றனர்.

நம் புதுக்கோட்டையில் மண் உறைவதில்லை. இங்கே அந்த வேலையைச் செய்வது வடகிழக்குப் பருவமழை. கோடையில் இறுகிய செம்மண்ணின் மேல் கனத்த துளிகள் விழுந்து அதன் நுண்துளைகளை அடைக்கின்றன. உட்புகாத நீர் மண்ணையும் உடன்கொண்டு கண்மாயில் சேர்க்கிறது. வயலின் வளமும் கண்மாயின் கொள்ளளவும் ஒரே மழையில் குறைகின்றன.

இவ்விழப்பை அளக்க விஷ்மியர், ஸ்மித் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வகுத்த சூத்திரத்தை அந்நாட்டு விவசாய இலாகா 1965-ல் கைந்நூலாக வெளியிட்டது. மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், பயிர்ப் போர்வை, காப்பு முறை ஆகியவற்றை அது ஒன்றோடொன்று பெருக்குகிறது. பெருக்கற் கணக்காதலால், ஒன்றின் எண்ணைப் பாதியாக்கினால் மொத்த இழப்பும் பாதியாகும். மழையை நாம் மாற்ற இயலாது. சரிவின் நீளத்தை வரப்பிட்டுக் குறைக்கலாம். 100 அடிக்கு 3 முதல் 8 அடி வரை சரியும் நிலத்தில், சரிவுக்குக் குறுக்கே உழுதால் காப்பு முறையின் எண் 1-லிருந்து ஏறத்தாழ 0.5 ஆகிறது. பயிர்ப் போர்வையில்தான் நாம் பெரிதும் ஏமாறுகிறோம். ஆடிப் பட்டத்து நிலக்கடலையை ஐப்பசியில் பறித்துவிட்டால், மழை வலுக்கும் வேளையில் நிலம் வெறுமையாய்க் கிடக்கும்.

இந்தியாவில் ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சராசரி 16.35 டன் மண் அரிபடுவதாக 1983-ல் துருவ நாராயணாவும் ராம் பாபுவும் மதிப்பிட்டனர். பரப்பிப் பார்த்தால் அது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மேல்! கண்ணுக்குப் புலப்படாத கனம். அதனாலேயே எவரும் அஞ்சுவதில்லை.

இக்காலத்தில் துணைக்கோள் படத்தைச் சிறு சதுரங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் இப்பெருக்கலைச் செய்து, அரிப்பு மிக்க இடங்களுக்கு வண்ணம் தீட்டுகின்றனர். பயனுள்ள படமே, ஆயினும் ஒரு முழ அகல வரப்பு அதில் தெரிவதில்லை. பள்ளம் பறித்தோடும் ஓடையரிப்பும் இச்சூத்திரத்தில் அடங்காது. அக்குறையை நிரப்ப வேண்டியவர் நிலத்துக்குரியவரே.

புலப்படத்தின் நகலுடன், முதற் கனமழை ஓய்ந்ததும் வயலைச் சுற்றி வருக. நீர் புகுமிடம், செந்நீர் வெளியேறுமிடம், சிறு வாய்க்கால் போல மண் கீறத் தொடங்குமிடம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்க. செந்நீர் மேற்புறத்து அயலார் நிலத்திலிருந்து வருமாயின், நம் வரப்பை மட்டும் உயர்த்துவதால் பயனில்லை. அது அடுத்த மழையில் உடையும். அத்தகைய இடங்களில் மேல்வயலிலிருந்து தொடங்கி, இருவரும் சேர்ந்தே வரப்பிடுதல் வேண்டும்.