கொல்லையில் வெள்ளரிப்பழம்

கேள்வி: ஐயா, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பத்தடிக்கு நாலடி இடம், நல்ல வெயில். குட்டையான கொடியில் கைக்கு அடக்கமாகக் காய்க்கும் பழைய ரக முலாம்பழம் என்று 'மின்னசோட்டா மிட்ஜெட்' விதை வாங்கிச் சித்திரைத் தொடக்கத்தில் போட்டேன். பூ நிறைய வருகிறது. பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது. நம் ஊருக்கு ஒத்துவராதா? — ஒரு வாசகி

பதில்: விதையைக் குறை சொல்ல முடியாது அம்மா, விதைத்த காலம்தான் தவறு. அந்த ரகத்தை மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1948இல் வெளியிட்டது. அங்கே கோடை குறுகியது. பனி கொட்டுவதற்குள் பழுத்தாக வேண்டும். அதற்கு ஏற்ற ரகம் அது, கொடியும் மூன்றடிதான் போகும். நமக்கோ கோடைக்குப் பஞ்சமே இல்லை. சித்திரையில் போட்டால் பூக்கிற நேரம் கத்திரி வெயில். அந்தச் சூட்டில் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். தையில் விதையுங்கள், பங்குனியில் பழம் பார்க்கலாம்.

ஆனால் அந்த நாலடி மண் என் கையில் இருந்தால் வெள்ளரிப்பழம்தான் போடுவேன். முலாம்பழத்தின் இனமேதான் அதுவும். பழுத்தால் தானே வெடித்து, உள்ளே வெண்மையாக மாவாய் உதிரும். நாட்டுச்சர்க்கரை தூவி ஏலக்காய் தட்டிப் போட்டால் வெயிலுக்கு அதைவிட இதமான பண்டம் எனக்குத் தெரியாது. வெடிக்கிற பழம் லாரி ஏறாது, கடையில் நாலு நாள் உட்காராது. அதனால்தான் வீட்டில் வளர்க்கச் சொல்கிறேன். கேரளத்தின் கொடுங்கல்லூர் பொட்டுவெள்ளரி இதன் உறவுதான்; அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

இதன் கொடி நீளும். தரையில் விடாமல் பந்தலோ வலையோ கட்டி ஏற்றுங்கள். காவிரி வண்டல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; மணலும் மக்கிய சாணமும் கலந்து மேடு கட்டி, மேட்டுக்கு இரண்டு செடி மட்டும் விடுங்கள். ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், ஏனென்றால் பெண் பூக்கள் பெரும்பாலும் பக்கக் கிளையில்தான் வரும். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, உதிர்ந்தால் கவலை வேண்டாம். அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவதுதான் பெண் பூ. தேனீ குறைவென்றால் காலை எட்டு மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் தொட்டுத் தடவுங்கள்.

பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள். பழ ஈ முட்டையிட்ட பிறகு மருந்தடித்துப் பயனில்லை. காய் நிறம் மாறத் தொடங்கியதும் தண்ணீரைக் குறையுங்கள். முதல் வெடிப்பு தெரிந்த அன்றே பறித்துவிடுங்கள். அணிலுக்கு வாசனை நமக்கு முன்பே எட்டிவிடும்.

விதை எடுப்பதில் ஒரு கவனம். முலாம்பழம், வேலியில் படரும் சுக்கங்காய் எல்லாம் இதோடு கலந்துவிடும். சாலட் வெள்ளரி கலக்காது. விதைக்கென்று ஒரு பெண் பூவை முந்தின மாலையே நூலால் கட்டி மூடுங்கள், ஆண் பூ ஒன்றையும் அப்படியே. காலையில் அவிழ்த்துச் சேர்த்து, மறுபடி கட்டி, காம்பில் அடையாள நூல் போடுங்கள். அந்தப் பழத்தின் விதையை அலசி நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து மூடி வையுங்கள், அடுத்த தைக்கு ஆகும்.