மனம் கனக்கும்போது பாட்டும் புத்தகமும்



காலில் கத்தி பட்டால் உடனே துணியைக் கிழித்துக் கட்டுகிறோம். காய்ச்சல் என்றால் கிளினிக்குக்குப் போகிறோம். ஆனால் வீட்டில் ஒரு சாவு விழுந்தாலோ, தோட்டத்தை விற்றுவிட்டு வீட்டைக் காலி செய் என்று கடிதம் வந்தாலோ, நொந்துபோன மனசை மட்டும் "அது தானாப் போயிடும்" என்று விட்டுவிடுகிறோம். தானாகப் போவதும் உண்டு. உள்ளேயே தங்கி உடம்பைக் கெடுப்பதும் உண்டு. தூக்கம் போகும், பசி போகும், தலை வலிக்கும்.

இதற்குச் சிலர் தேடும் மருந்து சம்சு. குடித்தவுடன் கண் அசரும், உண்மைதான். ஆனால் நடுராத்திரிக்கு மேல் அந்தத் தூக்கம் கலைந்துபோகும். காலையில் பிரட்டுக்குப் போக உடம்பு வராது. கவலை அப்படியே இருக்கும். கையிலிருந்த காசுதான் குறைந்திருக்கும்.

பாட்டு என்ன செய்யும்?

"பாட்டுக் கேட்டா கடன் தீருமா?" என்று கேட்பீர்கள். தீராது. ஆனால் கடனுக்கு வழி தேடத் தெளிந்த தலை வேண்டுமல்லவா? கவலை மிஞ்சினால் மூச்சு வேகமாக ஓடும், நெஞ்சு படபடக்கும். மெதுவான பாட்டைக் கேட்டால் பலருக்கு அந்தப் படபடப்பு தணிகிறது. கூடவே வாய்விட்டுப் பாடினால் இன்னும் நல்லது. ஓர் அடியை இழுத்துப் பாடும்போது மூச்சை நீளமாக விடுகிறோம். அப்போது இதயத் துடிப்பும் நிதானப்படும். தாலாட்டு குழந்தையோடு தாயையும் ஆற்றுகிறது. ஒப்பாரியைச் சில இளைஞர்கள் வெறும் கூச்சல் என்கிறார்கள். துக்கத்தைத் தனியாக அடக்கி வைக்காமல், நாலு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே விடும் வழி அது.

ஒன்று கவனியுங்கள். சோகப் பாட்டு சிலருக்கு ஆறுதல், சிலருக்குப் புண்ணைக் கிளறும். பாட்டு முடிந்ததும் மனம் லேசானால் அது உங்களுக்கு ஏற்றது. இன்னும் கனத்தால் வேறு பாட்டு வையுங்கள்.

புத்தகம் என்ன செய்யும்?

கவலை செக்குமாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றும். கதையில் மனம் போனால் அந்தச் சுற்று கொஞ்ச நேரம் நிற்கும். நம்மைப் போன்றவர்களின் கதை என்றால், "நமக்கு மட்டும் வந்ததில்லை இது" என்ற தைரியமும் வரும். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நம் தோட்ட மக்களைப் பற்றிய நாவல். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்', ஜப்பானியர் 1942, 43-இல் ரயில் பாதை போடக் கொண்டுபோன தமிழர்களின் கதை. நம் பாட்டன்மார் எதையெல்லாம் தாண்டி வந்தார்கள் என்று அது காட்டும். ஆனால் மனம் மிகவும் நொந்திருக்கும் நாளில் அதை எடுக்க வேண்டாம்; சிரிப்புக் கதை போதும்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. படுக்கப் போகுமுன் அரைமணி நேரம் டிவியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு, மெல்லிய பாட்டோ நாலு பக்கக் கதையோ வைத்துக்கொள்ளுங்கள்.

2. எழுத்துத் தெரியாத பாட்டி தாத்தாவுக்குப் பேரப்பிள்ளை படித்துக் காட்டட்டும். பிள்ளைக்குத் தமிழ் வளரும், பெரியவர்களுக்குத் தனிமை குறையும்.

3. படித்து முடித்த புத்தகத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.

இவை போதாதபோது

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, எப்போதும் அழுகை வருகிறது என்றால் அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். இது பைத்தியமில்லை, வெட்கப்பட வேண்டிய காரியமும் இல்லை; வைத்தியம் உள்ள நோய்.

"இருந்து என்ன பயன்?" என்று யாராவது சொன்னால், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனம் திறக்கத்தான் வழி பிறக்கும். அவரைத் தனியாக விடாதீர்கள். களைக்கொல்லி போன்ற விஷப் பொருள்களை வீட்டிலிருந்து அகற்றுங்கள். சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய 15555 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அவசரமென்றால் 999. போலீஸ் பிடிக்கும் என்று முன்பு பயந்தார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே பயமில்லாமல் உதவி கேளுங்கள்.

தோழர்களே, தினமும் பாட்டுக் கேட்கும் பக்கத்து வீட்டில் மூன்று நாளாக ரேடியோ சத்தம் இல்லையா? போய்க் கதவைத் தட்டி, "என்னாச்சு அண்ணே?" என்று கேளுங்கள். அதற்குக் காசு செலவில்லை.