சாக்குப்பையில் அடங்காத அழுக்கு

பத்துமலைக்குக் காவடி எடுப்பவர்கள் முதலில் குளித்துத் தயாராகும் இடம் சுங்கை பத்து ஆற்றங்கரை. அந்த ஆறு கோம்பாக்கில் சேர்ந்து, கோம்பாக் ஆறு மஸ்ஜிட் ஜாமெக் பக்கத்தில் கிள்ளான் ஆற்றில் கலந்து, கடைசியில் மலாக்கா நீரிணைக்குப் போகிறது. 'ரிவர் ஆஃப் லைஃப்' திட்டம் வைத்திருக்கும் இலக்கு 2பி தரம். அதாவது, தைரியமாக இறங்கிக் குளிக்கக்கூடிய தண்ணீர். காவடி எடுக்கிறவருக்கு இதைவிட நேரடியான இலக்கு வேறு என்ன வேண்டும்?

எங்கள் தாமான் பின்னால் ஓடும் சிற்றாறும் சுங்கை பத்துவில்தான் சேர்கிறது. மாதம் ஒரு ஞாயிறு அங்கே கோத்தோங் ரோயோங். சாக்குப்பை நிரம்பும், படம் எடுப்போம், நாசி லெமாக் சாப்பிடுவோம். ஒருநாள் ஆற்றோர வீட்டு ஆன்ட்டி கேட்டார்: "குப்பையெல்லாம்தான் பொறுக்கியாச்சே தம்பி, அப்புறம் ஏன் இன்னும் நாறுது?"

நல்ல கேள்வி. நம் நாட்டின் நீர்த் தரக் குறியீடு ஆறு விஷயங்களைப் பார்க்கிறது: கரைந்துள்ள ஆக்சிஜன், பிஓடி, சிஓடி, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் நுண் துகள்கள், பிஎச். இதில் பாட்டிலுக்கும் பிளாஸ்டிக் பைக்கும் ஒரு மார்க்கூட கிடையாது. ஆக்சிஜனுக்கு மட்டும் 22 விழுக்காடு எடை. குப்பை பொறுக்குவது வீண் என்று சொல்லவில்லை. அடைப்பு நீங்கும், கொசு குறையும். ஆனால் ஆறு மூச்சுத் திணறுவது கண்ணுக்குத் தெரியாத கரைசலால்.

அது எங்கிருந்து வருகிறது? பழைய வீடுகள், கடைகள் பலவற்றில் கழிவறைத் தண்ணீர் தனிக் குழாயில் போகும். சமையலறைத் தண்ணீரோ நேரே லோங்காங்கில் விழும். லோங்காங் ஆற்றில் விழும். நடுவில் சுத்திகரிப்பு எதுவும் இல்லை.

அதனால் இப்போது நாங்கள் பாதிப் பேர் சாக்கோடும், பாதிப் பேர் பாட்டிலோடும் போகிறோம். மீன் கடையில் விற்கும் அம்மோனியா சோதனைப் பெட்டியே போதும். தண்ணீரில் மருந்துத் துளி விட்டால் மஞ்சள் நல்லது. பச்சை ஏற ஏற ஆபத்து. ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே நேரம். மழை பெய்தால் குறித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை. இரண்டு லோங்காங் சேரும் இடத்தில் இரண்டையும் தனித்தனியாகச் சோதித்து, பச்சை அதிகமான பக்கமாக மேலே நடக்க வேண்டும். வயரில் பழுது தேடுவது போலத்தான். இப்படி நடந்து நடந்து ஒரு கடை வரிசையின் பின்சந்தில் போய் நின்றோம். வாணலி கழுவிய தண்ணீர், எண்ணெய் மினுமினுக்க ஓடிக்கொண்டிருந்தது. அங்கே தேவை ஒழுங்காகக் காலி செய்யப்படும் ஒரு கிரீஸ் டிராப். (மண் உருண்டை எறிவது பற்றிச் சிலர் கேட்கிறார்கள். எறிய ஜாலியாக இருக்கும். மேலே எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தால் உருண்டை என்ன செய்யும்?)

அடுத்த லோங்காங் எங்களைக் கொண்டுபோய் விட்ட இடம்தான் சிக்கல்: நாங்கள் கும்பிடும் கோயில். அபிஷேகத் தண்ணீர் அதில்தான் விழுகிறது.

ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு லிட்டர் பாலை நுண்ணுயிர்கள் சிதைக்க சுமார் 100 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் வெயிலில் ஒரு லிட்டர் நல்ல ஆற்று நீரில் இருப்பது ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான். அப்படியானால் ஒரு லிட்டர் பால், 13,000 லிட்டர் தண்ணீரின் மூச்சைக் கேட்கிறது. ஓடும் நீரில் காற்றிலிருந்து புது ஆக்சிஜன் கலந்துகொண்டே இருப்பதால் உண்மையில் அவ்வளவு மோசமாகாது. ஆனாலும், வறண்ட மாதத்தில் முழங்கால் அளவு ஓடும் சிற்றாற்றுக்கு ஒரே காலையில் எத்தனை குடம்?

தலைவர் ஐயாவிடம் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. "சாமிக்கு ஊத்துற பாலையா அழுக்குன்னு சொல்றே?"

"இல்லைங்க ஐயா. பால் அழுக்கில்ல. அது ஆத்துல விழுந்தா மீனுக்கு மூச்சு முட்டும், அவ்வளவுதான். அபிஷேகத்த நிறுத்தச் சொல்லல. குழாய மட்டும் மாத்தலாமான்னு கேக்குறோம்."

அபிஷேகத் தண்ணீரை லோங்காங்கில் விடாமல் கழிவுநீர்க் குழாயோடு இணைக்கலாம். அதற்கு உரிய அனுமதி வேண்டும், செலவும் உண்டு. பாதிப் பாலைக் காய்ச்சிப் பிரசாதமாகக் கொடுக்கலாம் என்று குருக்களே சொன்னார். எனக்குப் பிடித்தது அதுதான், பைசா செலவில்லை. நிர்வாகம் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஐயா ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார்: அடுத்த கார்த்திகை அபிஷேகத்தன்று லோங்காங்கில் விழும் தண்ணீரைப் பிடித்து அளந்து காட்ட வேண்டும். மூடியோடு 200 லிட்டர் டிரம் இரண்டு தேவைப்படுகிறது. யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், லாரியோடு வருகிறோம்.