மழைக் கணக்கும் எக்செல்லும்: உங்கள் தகவல் அடுத்தவருக்கும் பயன்பட

கறம்பக்குடியில் விவசாயி ஒருவர் வீட்டில் மழைமானி வைத்து, பல வருடங்களாக மழை அளவை நோட்டில் எழுதி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்ததும், கல்லூரியில் படிக்கும் மகள் அந்த நோட்டை எக்செல்லில் டைப் செய்துவிடுகிறாள். நிலத்தடி நீரை ஆராயும் மாணவருக்கு அந்த ஃபைல் பொக்கிஷம். ஆனால் அதைத் திறந்து பார்ப்பவருக்குச் சரியாகப் புரியுமா? புரிய வைப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் தேதி. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்தது. 15-ஆம் தேதி இரவு பெய்த மழையை நோட்டில் எந்தத் தேதியில் எழுதுவது? இந்திய வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு மழையை அளக்கிறது. அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் பெய்தது எல்லாம் அளந்த நாளின் கணக்கில் சேரும். அதாவது 15-ஆம் தேதி இரவு மழை, 16-ஆம் தேதி மழையாகப் பதிவாகும். நீங்கள் எந்த முறையில் எழுதினீர்கள் என்று சொல்லாவிட்டால், இரண்டு கணக்கையும் ஒப்பிடுபவர் ஒரு நாள் தவறிவிடுவார்.

அடுத்தது காலிக் கட்டம். ஐந்து நாள் மழை 0, 1.2, 14, (காலி), 2.5 மி.மீ. என்று இருக்கட்டும். எக்செல்லின் ஆவரேஜ் ஃபார்முலா காலிக் கட்டத்தை விட்டுவிட்டு நான்கால் வகுக்கும். விடை சுமார் 4.4. அங்கே 0 என்று டைப் செய்தால் ஐந்தால் வகுக்கும். விடை சுமார் 3.5. மழை இல்லாத நாளுக்கு 0 போடுங்கள். அளக்காத நாளைக் காலியாகவே விடுங்கள்.

இதே ஐந்து நாளில் மழை நாட்கள் எத்தனை? தூறலையும் சேர்த்தால் மூன்று. வானிலைத் துறை 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் மழை நாள் என்கிறது. அப்படிப் பார்த்தால் இரண்டு.

இவை சின்ன விஷயங்கள் அல்ல. கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற பொருளாதார அறிஞர்கள் 2010-ல் நாடுகளின் கடன் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல நாட்டுத் தலைவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவருக்கு அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டபோது அதே விடை வரவில்லை. கட்டுரையாளர்களிடமே எக்செல் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி காணும் ஃபார்முலாவில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன! 2013-ல் இது வெளியானது. ஃபைலைக் கொடுத்ததால்தான் பிழை தெரிந்தது.

இனி உங்கள் ஃபைலைத் தயார் செய்வோம்.

1. முதலில் டைப் செய்த ஃபைலை அப்படியே வைத்துக்கொண்டு, நகல் எடுத்து அதில் கணக்குப் போடுங்கள்.

2. 5/11 என்பதைச் சிலர் நவம்பர் 5 என்றும் சிலர் மே 11 என்றும் படிப்பார்கள். எனவே வருடம், மாதம், நாள் மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் டைப் செய்யுங்கள்.

3. ஃபைல் மெனுவில் சேவ் ஆஸ் சென்று, சிஎஸ்வி யூடிஎஃப்-8 வகையில் ஒரு பிரதி சேமியுங்கள். எக்செல் இல்லாத கம்ப்யூட்டரிலும் அது திறக்கும். சாதாரண சிஎஸ்வியில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

4. நோட்பேடில் 'படிக்கவும்' என்று ஒரு சிறு ஃபைல் உருவாக்குங்கள். அளந்த ஊர், மழைமானி வைத்த இடம், அளந்த நேரம், அலகு மில்லிமீட்டரா அங்குலமா, காலிக் கட்டத்தின் பொருள், மழை நாள் என்று எதைக் கொண்டீர்கள் என எல்லாவற்றையும் எழுதுங்கள்.

5. தொலைபேசி எண் போன்ற சொந்த விவரங்களை நீக்குங்கள்.

6. எல்லாரும் காண வெளியிட விரும்பினால், ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் நடத்தும் செனோடோ தளத்தில் இலவசமாகப் பதிவேற்றலாம். உங்கள் ஃபைலுக்கு ஒரு நிரந்தர எண் கிடைக்கும். யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற உரிம விவரத்தையும் அங்கேயே தேர்வு செய்யலாம்.

கடைசியாக ஒரு பரீட்சை. இரண்டு ஃபைல்களையும் நண்பரிடம் கொடுத்து, நவம்பர் மாத மழை எவ்வளவு, மழை நாட்கள் எத்தனை என்று கணக்கிடச் சொல்லுங்கள். உங்களிடம் ஒன்றும் கேட்காமலே அவருக்கும் அதே விடை வந்தால், உங்கள் தகவல் ஊருக்குப் பயன்படத் தயார்.