சிஆர்2032 இடத்தில் எல்ஐஆர்2032 போடலாமா?

மினி ப்ராஜெக்ட்டுக்கு ஃபிட்னெஸ் பேண்ட் எடுக்கிற ஜூனியர்ஸ் கிட்ட இருந்து வர்ற கேள்வி இது: "அண்ணா, ரெண்டும் ஒரே சைஸ்தானே, சார்ஜ் பண்ற செல்லையே போட்டுடலாமா?"

சைஸ் ஒண்ணுதான். பெயரிலேயே இருக்கு: 20 என்பது விட்டம் 20 மி.மீ., 32 என்பது தடிமன் 3.2 மி.மீ. ஹோல்டரில் கச்சிதமா உட்காரும். வம்பே அங்கேதான்.

சிஆர்2032 உள்ளே ஒரு பக்கம் லித்தியம் உலோகம், மறுபக்கம் மாங்கனீஸ் டை ஆக்சைடு. மின்னழுத்தம் 3 வோல்ட். எல்ஐஆர்2032 லித்தியம் அயான் வகை. மேலே 3.6 வோல்ட்னு எழுதியிருந்தாலும் ஃபுல் சார்ஜில் 4.2 வரை போகும். நம்ம பசங்க அடிக்கடி எடுக்கிற என்ஆர்எஃப்52832 ப்ளூடூத் சிப்புக்கு சப்ளை 1.7-லிருந்து 3.6 வோல்ட் வரைதான். நேரா கொடுத்தா சிப் காலி ஆகலாம். நடுவில் ஒரு 3 வோல்ட் ரெகுலேட்டர் வேணும், அதுவும் சும்மா இருக்கும்போது சில மைக்ரோ ஆம்ப் மட்டுமே குடிக்கிற வகையா பார்த்து எடுங்க.

தலைகீழா, சிஆர் செல்லை சார்ஜரில் போடவே கூடாது. உள்ளே வாயு சேர்ந்து, சூடாகி, வெடிக்கக்கூடும்.

அடுத்து கொள்ளளவு. சிஆர்2032-ல் சுமார் 225 எம்ஏஹெச். எல்ஐஆரில் சுமார் 40தான்! வெறும் ஸ்டெப் எண்ணுற பேண்ட் சராசரியா 0.1 மில்லி ஆம்ப் எடுக்குதுன்னு வெச்சுக்கோங்க. சிஆர் 2250 மணி நேரம், அதாவது 93 நாள் ஓடும். எல்ஐஆர் 16 நாள். இந்தக் கணக்கில் சார்ஜிங் சர்க்யூட்டே தேவையில்லை, சிஆர் போதும்.

இதயத்துடிப்பு சென்சார் சேர்த்தா கதை மாறுது. பச்சை எல்இடி எரியணும். சராசரி 1 மில்லி ஆம்ப் ஆனா சிஆர் ஒன்பது நாளில் தீர்ந்துடும், வருஷத்துக்கு 40 செல் குப்பைக்கு. செல் தீரத் தீர அதோட உள் மின்தடையும் ஏறும், எல்இடி எரியிற நொடியில் வோல்டேஜ் விழுந்து சிப் ரீசெட் ஆகும். அப்போ எல்ஐஆர் நியாயம், ஆனா 40 மணி நேரத்துக்கு ஒரு தடவை சார்ஜ் பண்ணணும். கடையில் விக்கிற பேண்டுகள் பெரும்பாலும் லித்தியம் பாலிமர் பவுச் செல் பக்கம் போனது இதனாலதான்னு நான் நினைக்கிறேன். அதே இடத்தில் கூடுதல் கொள்ளளவு அடைக்கலாம்.

சார்ஜர் விஷயத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. மலிவா கிடைக்கிற டிபி4056 மாட்யூலில் வர்ற ரெசிஸ்டர் 1.2 கிலோ ஓம், அது 1 ஆம்ப் தள்ளும். 40 எம்ஏஹெச் செல்லுக்கு அது 25 மடங்கு வேகம்! 20 மில்லி ஆம்ப் போதும். எம்சிபி73831 எடுத்து 50 கிலோ ஓம் போட்டா சரியா அதுவே வரும் (1000-ஐ ரெசிஸ்டர் மதிப்பால் வகுத்தா ஆம்பியர்).

கடைசியா, பேண்டோட பின்மூடிக்கு ஸ்க்ரூ வைங்க. 20 மி.மீ. செல்லைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினா, ரெண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே கடுமையா புண்ணாக்கிடும். பேண்டை ஓட்ட முடியாத அளவுக்குத் தீர்ந்துபோன செல்லும் இதைச் செய்யும்.